வேண்டாமென்று விட்ட பாட்டுகள்

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ஒரே ஆல்பம் என் அலமாரியில் பல பிரதிகளாக அடுக்கியிருப்பதைப் பார்க்கிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "எல்லாம் ஒரே பாட்டுதானே?" அதிலும் இப்போது போனைத் தட்டினால் அவருடைய மொத்தப் பாட்டும் கொட்டுகிற காலம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவை ஒரே பாட்டு இல்லை. பழைய இசைத்தட்டுகளைத் துரத்துகிறவனின் பைத்தியமெல்லாம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

'தி ஃப்ரீவீலின் பாப் டிலன்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். டிலனின் இரண்டாவது ஆல்பம், கொலம்பியா கம்பெனி 1963 மே 27 அன்று வெளியிட்டது. 'ப்ளோயிங் இன் தி விண்ட்' இதில்தான் இருக்கிறது. பனி கிடக்கும் நியூயார்க் தெருவில் டிலனும் அவருடைய காதலியும் கைகோத்து நடந்து வரும் உறையைப் பார்க்காத ராக் ரசிகர் இருக்க முடியாது. அந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குச் சற்று முன்னால் அதிலிருந்து 4 பாட்டுகளைத் தூக்கிவிட்டு வேறு 4 பாட்டுகளைச் சேர்த்தார்கள். தூக்கப்பட்டவை: 'ராக்ஸ் அண்ட் கிராவல்', 'லெட் மீ டை இன் மை ஃபுட்ஸ்டெப்ஸ்', 'கேம்ப்ளின் வில்லீஸ் டெட் மேன்ஸ் ஹேண்ட்', 'டாக்கின் ஜான் பிர்ச் ப்ளூஸ்'. உள்ளே வந்தவற்றில் 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்', 'கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி' போன்றவை உண்டு. அதாவது போனவற்றைவிட வந்தவை ஒரு படி மேல். இதை ஒப்புக்கொள்ளாத சேகரிப்பாளர் பொய் சொல்கிறார்.

மாற்றியதற்கு எல்லோரும் சொல்லும் கதை இது: 1963 மே 12 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜான் பிர்ச் பாட்டைப் பாடக் கூடாது என்று நிகழ்ச்சியை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் சொன்னது. கம்யூனிசப் பூச்சாண்டி காட்டிய ஒரு வலதுசாரி அமைப்பைக் கிண்டலடிக்கும் பாட்டு அது. அவதூறு வழக்கு வந்துவிடுமோ என்ற பயம். டிலன் பாடாமலேயே வெளியேறினார். கொலம்பியாவும் சிபிஎஸ் குடும்பத்துக் கம்பெனிதான் என்பதால் ஆல்பத்திலிருந்தும் அந்தப் பாட்டு போனது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதியைப் பாருங்கள். மாற்றுப் பாட்டுகளை டிலன் பதிவு செய்தது ஏப்ரல் 24. சல்லிவன் தகராறுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னாலேயே புதுப் பாட்டுகள் தயார். எனக்கென்னவோ, பழையவற்றில் அவருக்கே சலிப்பு தட்டியிருக்க வேண்டும், வக்கீல்கள் ஒரு சாக்காகக் கிடைத்தார்கள் என்றுதான் தோன்றுகிறது. 21 வயதுப் பையன் அந்த ஒரு வருடத்தில் போட்ட பாய்ச்சல் அப்படி.

எது எப்படியோ, பழைய 4 பாட்டுகளோடு அச்சான தட்டுகள் சில தப்பி வெளியே போய்விட்டன. மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் தட்டில், கொஞ்சம்; ஒலி இரண்டு தடமாகப் பிரிந்து வரும் ஸ்டீரியோவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்டீரியோப் பிரதி விற்பனைக்கு வந்தால் பல்லாயிரம் டாலர் போகிறது. அது என்னிடம் இல்லை, இருக்கப் போவதும் இல்லை. ஆனாலும் பழைய தட்டுக் குவியலில் அந்த உறை கண்ணில் பட்டால் கை தானாக உள்ளே போய்த் தட்டை வெளியே எடுத்துவிடுகிறது.

எடுத்தால் எதைப் பார்ப்பது? தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளை இல்லை. இந்த ஆல்பத்தில் லேபிள் இரண்டு விதமாகவும் பொய் சொல்லும். பழைய பாட்டுப் பெயர்கள் அச்சான பிரதியில் வழக்கமான பாட்டுகளே ஓடலாம்; லேபிளில் வழக்கமான பெயர்கள் இருக்க, ஊசியை வைத்ததும் ஜான் பிர்ச் பாட்டு வரலாம். பார்க்க வேண்டிய இடம் பாட்டு முடிந்த பின் லேபிள் வரைக்கும் மொழுமொழுவென்று இருக்கும் வளையம். டெட் வாக்ஸ் என்பார்கள். அங்கேதான் மேட்ரிக்ஸ் எண் இருக்கும்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். ஒலிநாடாவில் இருக்கும் பாட்டை முதலில் லாக்கர் பூசிய ஓர் அலுமினியத் தட்டில் கோடாக வெட்டுவார்கள். அதன் மேல் உலோகம் படியவைத்து அச்சு எடுப்பார்கள். அச்சிலிருந்து இன்னோர் அச்சு. கடைசியில் வரும் ஸ்டாம்பரை வைத்துத்தான் வினைல் தட்டுகளை அமுக்கி எடுப்பது. லாக்கரை ஒவ்வொரு முறை வெட்டும்போதும் எண்ணின் வால் மாறும்: 1ஏ, 1பி, 1சி, அப்புறம் 2ஏ இப்படி. அமெரிக்காவின் பல ஊர்களில் கொலம்பியாவுக்கு ஆலை இருந்ததால் ஒரே ஆல்பத்துக்குப் பல வெட்டுகள் தேவைப்பட்டன. பாட்டை மாற்றினால் வெட்டை மாற்றியே ஆக வேண்டும். லேபிள் வெறும் காகிதம், பழைய கட்டு மிச்சமிருந்தால் ஒட்டிவிடுவார்கள். வளையத்தில் இருப்பதோ கோட்டோடு சேர்ந்து பிறந்த எண். ஃப்ரீவீலின் ஆல்பத்தில் அந்த எண் 1ஏ என்று முடிந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம்.

படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். தலைக்கு மேலே இருக்கும் விளக்கில் ஒன்றும் தெரியாது, எல்லாம் பளபளக்கும். ஒற்றை விளக்குக்குப் பக்கவாட்டில் தட்டைச் சாய்த்துப் பிடித்து, மெல்லத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். ஒரு கோணத்தில் எழுத்துகள் சட்டென்று எழும், அரை விரல் நகர்ந்தால் மறைந்துவிடும். இயந்திரம் குத்திய எழுத்துகள் ஒரே சீராக இருக்கும். கையால் கீறியவை கோணல்மாணலாகப் போகும். பெரிய எண்ணுக்கு எதிர்ப்புறம் ஒற்றை எழுத்தோ சின்னக் குறியோ தனியாக நிற்பதும் உண்டு. அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். விற்கிறவர் உறையையும் லேபிளையும் எட்டுக் கோணத்தில் படம் எடுத்துப் போட்டுவிட்டு இந்த வளையத்தை மட்டும் விட்டிருந்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பதில் வராவிட்டால் அதுவே பதில்.

எல்லா அரிய பிரதியும் சொத்தை விற்று வாங்க வேண்டியவை இல்லை. 1965-இல் வந்த 'ஹைவே 61 ரீவிசிட்டட்' ஆல்பத்தின் முதல் அமெரிக்கப் பிரதிகளில் 'ஃப்ரம் எ ப்யூக் 6' பாட்டின் வேறொரு டேக், அதாவது ஸ்டுடியோவில் இன்னொரு தடவை பாடிப் பதிந்தது, போய்விட்டது. வழக்கமான பதிவு டிரம் அடியோடு ஆரம்பிக்கும். அந்த டேக் ஹார்மோனிகாவோடு ஆரம்பிக்கும். கவனித்துத் திருத்திவிட்டார்கள். ஜப்பான் தட்டுகளில் மட்டும் அந்தத் தவறான டேக் பிறகும் தொடர்ந்தது. அதே வருடம் 'பாசிட்டிவ்லி 4த் ஸ்ட்ரீட்' சிங்கிளில் இன்னும் பெரிய கூத்து. உறையிலும் லேபிளிலும் அந்தப் பெயர். உள்ளே சில பிரதிகளில் ஓடியது 'கேன் யூ ப்ளீஸ் க்ரால் அவுட் யுவர் விண்டோ'வின் பழைய பதிவு. காசு கொடுத்து ஹிட் பாட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரிப்பேன். இன்றைக்கு அந்தப் பிள்ளைகள்தான் கெட்டிக்காரர்கள்.

உறையிலும் இந்த விளையாட்டு உண்டு. 1966-இல் வந்த 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' இரட்டைத் தட்டின் உள்மடிப்பில் முதலில் 9 புகைப்படங்கள் இருந்தன. அதில் ஒன்று இத்தாலிய நடிகை கிளாடியா கார்டினாலேயின் படம். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பிற்பாடு அதை எடுத்துவிட்டு 7 படங்களாக அடுக்கினார்கள். ஆகவே தட்டை வெளியே எடுக்காமலேயே, உறையை விரித்துப் படங்களை எண்ணினால் போதும், காலம் தெரிந்துவிடும்.

மோனோவா ஸ்டீரியோவா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாமென்று பார்த்தேன், முடியவில்லை. 1967 வரைக்குமான டிலனுக்கு மோனோதான். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மோனோப் பெட்டி, ஸ்டுடியோவில் மெனக்கெட்டதும் மோனோக் கலவைக்குத்தான். ஆரம்பகால ஸ்டீரியோத் தட்டுகளில் குரல் நடுவிலும், கிடார் ஒரு காதிலும், ஹார்மோனிகா இன்னொரு காதிலுமாகப் பிய்ந்து நிற்கும். ஒற்றை ஆள் ஒரு கிடாரோடு பாடும்போது அவர் மூன்று இடத்தில் எப்படி உட்கார முடியும்? 1967 கடைசியில் வந்த 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பத்தோடு மோனோக் காலம் முடிந்தது. 2010-இல் முதல் 8 ஆல்பங்களின் மோனோப் பதிவுகளையும் ஒரே பெட்டியாகப் போட்டார்கள். பழைய பிரதி கிடைக்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம்.

சரி, பூட்லெக்குக்கு, அதாவது அனுமதியில்லாமல் அடித்து விற்கும் கள்ளத் தட்டுக்கு, வருவோம்.

1966 ஜூலையில் டிலன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். அதோடு கச்சேரிப் பயணங்களையும் நிறுத்திக்கொண்டார். மறு வருடம் வுட்ஸ்டாக் பக்கத்தில், பிற்பாடு 'தி பேண்ட்' என்று பெயர் வாங்கிய குழுவோடு சேர்ந்து ஒரு வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து பாடிக் குவித்தார். வெளியிடும் எண்ணம் இல்லை. குழுவில் ஒருவரான கார்த் ஹட்சன் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்துகொண்டார். அதிலிருந்து 14 பாட்டுகளை மட்டும் பிரதியெடுத்து, மற்ற பாடகர்கள் யாராவது பாடுவார்களா என்று பதிப்பு நிறுவனம் சுற்றுக்கு விட்டது. பாடினார்கள், மான்ஃப்ரெட் மான் குழு பாடிய 'மைட்டி க்வின்' 1968-இல் இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது. ஆக, பாட்டு ஊரெங்கும் ஒலிக்கிறது, பாட்டை எழுதியவர் பாடியது மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. இந்தப் பசி இருந்தால் யாராவது சோறு போட வராமலா இருப்பார்கள்?

1969 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளில் ஒரு தட்டு வந்தது. இரட்டைத் தட்டு, வெள்ளை வெளேரென்ற உறை, கம்பெனிப் பெயர் கிடையாது, பாடகர் பெயர் கிடையாது. ரப்பர் ஸ்டாம்பால் குத்திய 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்ற பெயர் மட்டும். உள்ளே 1961 டிசம்பரில் மினியாபொலிஸில் ஒரு வீட்டில் பாடிய பாட்டுகள், ஸ்டுடியோவில் ஒதுக்கியவை, நிலவறைப் பாட்டுகளில் சில, தொலைக்காட்சியிலிருந்து பிடித்த ஒன்று. எல்லாம் கலந்த கூட்டாஞ்சோறு. ராக் உலகின் முதல் பெரிய பூட்லெக் அதுதான். அதைச் செய்த இளைஞர்கள் பிறகு 'டிரேட்மார்க் ஆஃப் குவாலிட்டி' என்று தங்கள் கம்பெனிக்கு நக்கலாகப் பெயர் வைத்தார்கள். பன்றிப் படம்தான் சின்னம். கடைசியில் அவர்கள் தட்டையே மற்றவர்கள் நகலெடுத்து விற்றார்கள். திருடன் போலீசுக்குப் போக முடியுமா? அதனால் இன்று கையில் கிடைக்கும் 'கிரேட் ஒயிட் வொண்டர்' திருட்டுத் தட்டின் திருட்டு நகலாகவே பெரும்பாலும் இருக்கும்.

இவ்வளவு துணிச்சலுக்குக் காரணம் சட்டத்தில் இருந்த ஓட்டை. அமெரிக்க மத்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்குப் பாதுகாப்புத் தர ஆரம்பித்தது 1972 பிப்ரவரி 15 முதல் பதிந்தவற்றுக்குத்தான். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் பாதுகாப்பு இருந்தது, குரல் பதிந்த நாடாவுக்கு இல்லை. மாநிலச் சட்டங்களை வைத்துத்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. இதனால் பூட்லெக் நல்ல காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியவருக்குப் பத்துப் பைசா போகாத வியாபாரம் அது. டிலன் அதை வெறுத்தார் என்பதும் தெரிந்ததுதான். இருந்தாலும் பழைய பூட்லெக் கிடைத்தால் வாங்குகிறேன். நியாயப்படுத்த முயன்று பார்த்தேன், எனக்கே ஒப்பவில்லை. ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: அந்தப் பாட்டு அதிகாரபூர்வமாக வந்த அன்றே அதையும் காசு கொடுத்து வாங்கிவிடுவது.

பூட்லெக்கை உண்மையாகவே கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிக்கு மேல் கொடுமை. நாடாவின் நகலுக்கு நகல் எடுத்து இரைச்சல் ஏறியிருக்கும். வேகம் தப்பியிருக்கும், டிலன் அணில் குரலில் பாடுவார். வேகம் சரிதானா என்று கண்டுபிடிக்க டிலன் தட்டுகளில் ஒரு வசதி உண்டு: ஹார்மோனிகா. கிடாரைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சுருதி கூட்டிவிட முடியும், ஹார்மோனிகாவின் சுருதி தொழிற்சாலையிலேயே முடிந்த விஷயம். அது எந்தச் சுருதியிலும் ஒட்டாமல் இரண்டுக்கும் நடுவே தொங்கினால் நாடா தப்பான வேகத்தில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். தட்டுச்சுழலியின் வேகத் திருகை மெல்ல நகர்த்தி, ஹார்மோனிகா ஒரு சுருதியில் போய் உட்காரும் வரை பார்ப்பேன். உட்கார்ந்ததும் குரலும் மனிதக் குரலாகிவிடும். அந்த நொடிக்காகவே மோசமான தட்டுகளைக்கூட நான் தூக்கிப் போடுவதில்லை.

தகவலிலும் புளுகு நிறைய. இந்த வட்டாரத்தில் மிகப் புகழ்பெற்ற தட்டு 'ராயல் ஆல்பர்ட் ஹால்' கச்சேரி. மின்கிடாரோடு வந்த டிலனைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருவர் துரோகி என்கிற அர்த்தத்தில் "ஜூடாஸ்!" என்று கத்துவாரே, அது. உண்மையில் அது லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலே இல்லை. 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்தது. பெயர் அவ்வளவு ஊறிப்போய்விட்டதால் 1998-இல் கம்பெனியே வெளியிட்டபோதும் மேற்கோள் குறிக்குள் அதே தவறான பெயரைப் போட்டது. நிஜமான ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி வெளிவர 2016 ஆனது. 'ரியல்' என்று தலைப்பிலேயே சேர்க்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் பூட்லெக்காரர்கள் கம்பெனியைவிட யோக்கியமாக நடந்துகொண்டார்கள். 1975-இல் 'தி பேஸ்மென்ட் டேப்ஸ்' என்று நிலவறைப் பாட்டுகள் அதிகாரபூர்வமாக வந்தன. 24 பாட்டுகளில் 8 டிலன் இல்லாமல் பேண்ட் குழு மட்டும் பாடியவை. பழைய பதிவுகள் சிலவற்றின் மேல் புதிதாக வாத்தியம் வாசித்துச் சேர்த்திருந்தார்கள். 'ஐ அம் நாட் தேர்' போன்ற பாட்டுக்கு இடமே இல்லை. அப்புறம் 2014-இல் 138 பதிவுகளோடு முழுத் தொகுப்பு வரும் வரை, அந்த அறையில் என்ன நடந்தது என்பதைச் சாயம் பூசாமல் கேட்க வேண்டுமென்றால் கள்ளத் தட்டுதான் வழி. 1991-இல் 'பூட்லெக் சீரிஸ்' என்ற பெயரிலேயே கம்பெனி வெளியிட ஆரம்பித்தது. திருடர்கள் வைத்த பெயரை வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1983-இன் 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட 'ப்ளைண்ட் வில்லி மெக்டெல்' முதல் தொகுப்பிலேயே வந்தது. அவருடைய மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்றை அவரே குப்பையில் போட்டிருந்தார்!

இப்போது வேறு வகை அரிதுகள் வந்துவிட்டன. ஐரோப்பாவில் பதிவுகளின் உரிமைக் காலம் 50-லிருந்து 70 வருடமானது. ஆனால் 50 வருடத்துக்குள் வெளியிட்டால்தான் அந்த நீட்டிப்பு. அதனால் 2013-இல் டிலனின் 1963 பதிவுகளை 6 தட்டுகளாக வெறும் 100 பெட்டிகள் போட்டார்கள். கேட்பதற்காக வெளியிட்டதே இல்லை, சட்டத்துக்கு வைத்த கையெழுத்து. 'ப்ளோயிங் இன் தி விண்ட்' பாட்டை டிலன் புதிதாகப் பாடி, ஒரே ஒரு தட்டு மட்டும் செய்து 2022-இல் லண்டனில் ஏலம் விட்டார்கள்; ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டுக்குப் போனது. எனக்கு இதில் துளியும் ஆர்வம் இல்லை. அரிதாக இருக்கட்டும் என்று செய்த பொருள் அது. நான் தேடுவது, எல்லோருக்கும் என்று ஆரம்பித்து, யாரோ நடுவில் மனம் மாறியதால் அரிதாய்ப் போனதை. ஃப்ரீவீலின் தட்டில் இருப்பது மனம் மாறுவதற்கு முந்தைய வாரத்து டிலன். அந்த ஆளை வேறெங்கும் பார்க்க முடியாது.

அந்த வகையில் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 'ப்ளட் ஆன் தி டிராக்ஸ்' ஆல்பத்தின் சோதனைத் தட்டு, அதாவது விற்பனைக்கு முன் சரிபார்க்க அடித்த தட்டு. 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் ஆல்பம் முழுதும் பதிந்து முடிந்துவிட்டது. சோதனைத் தட்டு அடித்து, உறையும் அச்சடித்தாகிவிட்டது. டிசம்பரில் மினசோட்டாவுக்குப் போன டிலன், தம்பி டேவிட்டின் பேச்சைக் கேட்டு, அங்கே மினியாபொலிஸ் நகரில் உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்து 5 பாட்டுகளை மறுபடியும் பதிந்தார். 1975 ஜனவரியில் ஆல்பம் வந்தபோது அந்த உள்ளூர்க்காரர்கள் பெயர் உறையில் இல்லை, உறைதான் முன்பே அச்சாகிவிட்டதே. அவர்கள் வாசித்ததைக் கோடிக்கணக்கான காதுகள் கேட்டும் பெயருக்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சோதனைத் தட்டை விலைக்கு வாங்கும் வசதி எனக்கில்லை. அதிலிருந்து எடுத்த பூட்லெக் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பு. 2019-இல், இசைத்தட்டுக் கடைகள் வருடந்தோறும் கொண்டாடும் ரெக்கார்ட் ஸ்டோர் டே அன்று, கம்பெனியே அந்தச் சோதனைத் தட்டின் வரிசையை அப்படியே வெளியிட்டது. கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது போதும். 'டேங்கில்ட் அப் இன் ப்ளூ' நியூயார்க்கில் 'அவன்' என்று ஆரம்பிக்கிறது, மினியாபொலிஸில் அது 'நான்' ஆகிவிடுகிறது. பின்னதில் தாளமும் துள்ளும், மாற்றியது சரிதான். ஆனால் 'இடியட் விண்ட்' விஷயத்தில் தம்பி பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆல்பத்தில் அவர் கத்திச் சண்டை போடுகிறார். நியூயார்க் பதிவில் அதே வரிகளைக் குரலை உயர்த்தாமல் பாடுகிறார், அப்போதுதான் சுடுகிறது. இல்லை, கத்துவதுதான் சரி என்று வாதாடுகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வரட்டும், பேசலாம்.